அன்றாடப் பொருட்கள் வழியே ஜப்பானிய மொழி கற்பித்தல்

குடை, செருப்பு, உணவுப் பெட்டி, பேருந்துச் சீட்டு போன்ற புழங்குபொருட்களை மாணவர் கையில் கொடுத்து, அவற்றோடு ஒட்டியுள்ள சொற்களையும் தொடர்களையும் பழக்கவழக்கங்களையும் கற்பிப்பது மொழி ஆசிரியர்களிடம் நெடுங்காலமாக உள்ள முறையாகும். ஜப்பானிய மொழி ஆசிரியர்கள் இத்தகைய பொருளை ‘ரெஅரிஅ’ என்றும் ‘நம கியோசாய்’ என்றும் அழைப்பர். ‘நம’ என்றால் பச்சையான, வேகவைக்காத என்று பொருள். பாடநூலுக்காகச் சமைக்கப்படாத கற்பித்தல் பொருள் என்பது கருத்து.

இம்முறை எந்த மொழிக்கும் பொருந்தும். ஆயினும் ஜப்பானியம் கற்கும் தமிழ் மாணவருக்கு இதில் தனிப் பயன் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் கிடைக்கும் ஜப்பானியப் பாடநூல்களில் பெரும்பாலானவை ஆங்கில விளக்கத்துடன் அமைந்தவை. ஜப்பானியச் சொல்லை ஆங்கிலத்துக்கும், ஆங்கிலத்தைத் தமிழுக்கும் மாற்றிப் பார்க்கும்போது, தமிழிலும் ஜப்பானியத்திலும் உள்ள சில நுட்பமான வேறுபாடுகள் ஆங்கிலத்தில் இல்லாத காரணத்தால் நடுவழியில் தொலைந்துவிடுகின்றன. பொருள் கண்முன் இருந்தால் அந்தச் சுற்றுவழி தேவையில்லை. அப்பொருள் ஜப்பானிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நாகர்கோவில் மாநகரின் ஒரு பகுதியான வடசேரியில், கனகமூலம் சந்தையிலும் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளிலும் கிடைக்கும் பொருட்களைக் கொண்டே தொடக்கநிலைப் பாடங்களில் பெரும்பகுதியை நடத்தலாம். இக்கட்டுரை அவ்வூரின் பொருட்களையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

பள்ளிகளில் ஜப்பானியம்

நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் (சி.பி.எஸ்.இ.) 2006-இல் ஆறாம் வகுப்பு முதல் ஜப்பானிய மொழியை விருப்பப் பாடமாக அறிமுகப்படுத்தியது. 2017 செப்டம்பரில் இந்தியாவும் ஜப்பானும் ஐந்தாண்டுகளில் 1,000 ஜப்பானிய மொழி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பது என்று முடிவு செய்தன. அதன்படி 2018-இல் புது தில்லியில் ஆசிரியர் பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிக் கொள்கை நடப்பில் இருப்பதால், மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஜப்பானியத்துக்கு வழக்கமான பாடவேளை கிடையாது. சி.பி.எஸ்.இ. பள்ளிகள், கல்லூரிகள், தனி வகுப்புகள் ஆகியவற்றின் வழியாகவே அது மாணவரை வந்தடைகிறது. சென்னையில் ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் என்னும் அமைப்பு நீண்டகாலமாக இம்மொழியைக் கற்பித்து வருவதோடு, ஜப்பானிய மொழித் திறன் தேர்வையும் நடத்துகிறது.

ஆஸ்திரேலியாவின் நிலை வேறு. ஜப்பான் அறக்கட்டளையின் 2021 கணக்கெடுப்பின்படி அங்கே நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஜப்பானியம் கற்கின்றனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பள்ளி மாணவர்கள். அதே கணக்கெடுப்பில் இந்தியாவின் எண்ணிக்கை ஏறத்தாழ 36,000 மட்டுமே. இந்தியாவில் பலர் வேலைவாய்ப்பை முன்னிட்டே கற்கத் தொடங்குகின்றனர். குறிப்பிட்ட திறன் கொண்ட தொழிலாளர்களை ஜப்பானுக்கு அனுப்புவது தொடர்பாக 2021 ஜனவரியில் இரு நாடுகளும் ஒப்பந்தக் குறிப்பில் கையெழுத்திட்ட பின் முதியோர் பராமரிப்பு போன்ற பணிகளுக்கும் வாய்ப்பு திறந்துள்ளது. திறன் தேர்வில் பேச்சுத் தேர்வு இல்லை. எனவே தேர்வில் தேறிய ஒருவர், முதியவரின் கையில் செருப்பைக் கொடுத்து “போட்டுக்கொள்ளுங்கள்” என்று சொல்லச் சரியான வினைச்சொல் வராமல் நிற்க நேரலாம். பொருள்வழிப் பாடம் உதவுவது இந்த இடத்தில்தான்.

நெல், அரிசி, சோறு

ஆங்கிலம் வழியாகக் கற்பவருக்கு முதலில் கிடைப்பது ‘கொமே’ என்றாலும் ‘கோஹான்’ என்றாலும் ஒரே ஆங்கிலச் சொல்தான். இரண்டும் எப்போது வரும் என்பதை விதியாக மனப்பாடம் செய்கிறார். திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்ற நாஞ்சில் நாட்டில் இந்த விதி தேவையே இல்லை. மேசைமேல் ஒரு நெற்கதிர், ஒரு கிண்ணம் நெல், ஒரு கிண்ணம் அரிசி, ஒரு கிண்ணம் சோறு ஆகியவற்றை வரிசையாக வைத்தால் போதும். வயலில் நிற்கும் பயிர் ‘இனே’, உமி நீங்காத நெல் ‘மொமி’, அரிசி ‘கொமே’, சோறு ‘கோஹான்’. தமிழில் யாரும் “அரிசி சாப்பிட்டேன்” என்று சொல்வதில்லை. ஜப்பானியரும் ‘கொமே’யைச் சமைத்து ‘கோஹான்’ சாப்பிடுகின்றனர். ‘கோஹான்’ உணவுவேளையையும் குறிக்கும். “சோறு தின்னாச்சா?” என்று கேட்கும் ஊரில் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

இது, உது, அது

பொருட்களை வைத்து நடத்தும் முதல் பாடம் பெரும்பாலும் சுட்டுச் சொற்கள். ஜப்பானியத்தில் பேசுபவர் அருகில் உள்ளது ‘கொரே’, கேட்பவர் அருகில் உள்ளது ‘சொரே’, இருவருக்கும் தொலைவில் உள்ளது ‘அரே’, வினாவுக்கு ‘தொரே’. ஆங்கிலத்தில் சுட்டு இரண்டே என்பதால் ‘சொரே’, ‘அரே’ இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடும்.

தமிழில் மூன்று சுட்டுகள் உண்டு. அ, இ, உ என்று இலக்கண நூல்கள் சொல்வதை மாணவர் ஏற்கெனவே தமிழ் வகுப்பில் படித்திருப்பர். ‘உது’ தமிழ்நாட்டுப் பேச்சில் வழக்கிழந்துவிட்டது. யாழ்ப்பாணத் தமிழில் கேட்பவர் அருகில் உள்ளதைச் சுட்ட இன்றும் வழங்குகிறது. ஆசிரியர் தம் கையில் ஒரு குடை, முதல் வரிசை மாணவர் கையில் ஒன்று, கதவருகே ஒன்று என மூன்றை வைத்தால் கொரே, சொரே, அரே மூன்றும் இது, உது, அது என்ற வரிசையில் அமர்ந்துவிடும். இங்கே, உங்கே, அங்கே என்பவற்றுக்கு ‘கொகோ’, ‘சொகோ’, ‘அசொகோ’. தமிழ் இலக்கண வகுப்பில் தேர்வுக்காக மட்டும் படித்த ‘உ’கரச் சுட்டு, பயன்பாட்டுக்கு வருவது ஜப்பானிய வகுப்பில் என்பது வேடிக்கைதான்.

சந்தையில் எண்ணுதல்

ஜப்பானியத்தில் வெறும் எண்ணைப் பொருளோடு சேர்த்துச் சொல்வது போதாது. பொருளின் வடிவத்துக்கும் வகைக்கும் ஏற்ற அளவுச்சொல் சேர வேண்டும். நீளமானவற்றுக்கு ‘ஹோன்’, தட்டையானவற்றுக்கு ‘மாய்’, நூல்களுக்கு ‘சத்சு’, சோடிக் காலணிக்கு ‘சொகு’, கிண்ணம் அல்லது குவளையில் உள்ளவற்றுக்கு ‘ஹாய்’. மாணவர்கள் மிகவும் அஞ்சும் பகுதி இது.

சந்தைக்குப் போய் வந்தவருக்கு இந்த எண்ணம் புதிதல்ல. பூவை முழத்திலும், வெற்றிலையைக் கவுளியிலும், வாழைப்பழத்தைக் குலையிலும் சீப்பிலும் கேட்பது இங்கே வழக்கம். ஒரு சீப்புப் பழத்தை வைத்தே பாடம் தொடங்கலாம். தனிப் பழம் ‘இப்போன்’, முழுச் சீப்பு ‘ஹிதோஃபுசா’. வெற்றிலை ஒன்று ‘இச்சிமாய்’. தோவாளைப் பூச்சந்தையிலிருந்து வந்த பூவில் காம்போடு கூடிய ஒன்று ‘இப்போன்’, மலர் மட்டும் என்றால் ‘இச்சிரின்’. பாயை எடுத்துக்கொண்டால் இன்னும் சுவையானது. ஜப்பானிய ‘ததாமி’ பாய் ‘ஜோ’ என்ற சொல்லால் எண்ணப்படுகிறது, அறையின் பரப்பும் அதைக் கொண்டே சொல்லப்படுகிறது. ‘ரொகுஜோ’ என்றால் ஆறு பாய் அளவுள்ள அறை. பத்தமடைப் பாய் கோரைப்புல்லால் நெய்யப்படுவது. ததாமியின் மேற்பரப்பு ‘இகுசா’ என்னும் நாணல் வகையால் ஆனது.

மனிதரை எண்ணும்போது ஒருவருக்கு ‘ஹிதோரி’, இருவருக்கு ‘ஃபுதாரி’ என்று தனிச்சொற்கள் வருகின்றன. மூன்றிலிருந்து ‘சன்னின்’ என்று எண்ணோடு ‘நின்’ சேரும். ஒன்று, இரண்டு என்று பொருளையும் ஒருவர், இருவர் என்று மனிதரையும் பிரித்து எண்ணும் தமிழருக்கு இப்பிரிவு இயல்பானது. ‘இப்போன், நிஹோன், சம்போன்’ என ஒலி மாறுவது மட்டும் பயிற்சியால் வர வேண்டியது. பழங்களை ஒவ்வொன்றாக எண்ணி எடுத்துக் கொடுக்கும்போது நாக்கு விரைவில் பழகும்.

குடையும் சாவியும்

கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. எனவே குடையில்லாத வகுப்பறை இல்லை. குடை ‘கசா’. மழைக்குடை ‘அமகசா’, வெயிற்குடை ‘ஹிகசா’. கூட்டுச் சொல்லில் இரண்டாவதாக வரும்போது வல்லொலி ககரம் மெல்லப்பட்டு, ‘பகை’ என்ற சொல்லின் நடுவில் வருவது போன்ற ஒலிப்புடைய ககரமாகிறது. தமிழிலும் உயிர்களுக்கு நடுவே வரும் ககரம் மென்மையாகவே ஒலிக்கும் என்பதால் ‘அமகசா’ தமிழ் நாக்குக்கு எளிது.

அதே பழக்கம் இன்னோரிடத்தில் தடையாகிறது. சாவிக்கு ஜப்பானியச் சொல்லில் நடுவில் மென்மையான ககரம் வருகிறது. தக்காளி போன்ற தோற்றமுள்ள ஓர் இலையுதிர்காலப் பழத்தின் பெயரில் அதே இடத்தில் வன்மையான ககரம் வருகிறது. தமிழ் எழுத்தில் இரண்டையும் ‘ககி’ என்றே எழுத முடியும், தமிழ் நாக்கு இரண்டையும் சாவியாகவே ஒலிக்கும். வன்மையாக ஒலிக்க முயன்றால் ‘கக்கி’ என்று இரட்டித்துவிடும், அது மூன்றாவது ஒரு சொல். மேசைமேல் ஒரு சாவியும் அப்பழத்தின் படமும் வைத்து, சொல்லைக் கேட்டு மாணவர் எதைத் தொடுகிறார் என்று பார்ப்பது எளிய சோதனை. ஏறத்தாழ எல்லோரும் முதலில் தவறுவர். ஜப்பானிய எழுத்தில் மென்மையான ஒலிக்கு எழுத்தின் வலப்பக்க மேல்முனையில் இரு சிறு கோடுகள் இடப்படும். அக்கோடுகள் எதற்கு என்பது இந்தச் சோதனைக்குப் பின் மறக்காது.

குடையைப் பற்றிய இன்னொரு செய்தி மேல்வகுப்பு மாணவரை உடனே ஈர்க்கும். ஒரே குடையின்கீழ் இருவர் செல்வது காதலைக் குறிக்கும் என்பதால், ஜப்பானியப் பள்ளிகளில் கரும்பலகையில் குடை வரைந்து காம்பின் இருபுறமும் இரு பெயர்களை எழுதிக் கேலி செய்யும் வழக்கம் உண்டு. வடசேரியிலோ ஓசாகாவிலோ கரும்பலகைக் கேலிக்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

உடுத்தல், அணிதல், சூடுதல்

ஆங்கிலத்தில் சட்டைக்கும் தொப்பிக்கும் செருப்புக்கும் மோதிரத்துக்கும் ஒரே வினை போதும். ஜப்பானியத்தில் சட்டைக்கு ‘கிரு’, காற்சட்டைக்கும் காலணிக்கும் ‘ஹகு’, தொப்பிக்கு ‘கபுரு’, கண்ணாடிக்கு ‘ககேரு’, மோதிரத்துக்கு ‘ஹமேரு’. வேட்டி கட்டி, சேலை உடுத்தி, பூச்சூடி, நகை அணியும் மொழிக்காரருக்கு இது வியப்பளிக்க வேண்டியதில்லை. சொற்கள் ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்தாவிட்டாலும், இடத்துக்கேற்ப வினை மாறும் என்ற எண்ணம் ஏற்கெனவே உள்ளது.

வடசேரி கோயில் நகைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். ‘நாகர்கோவில் கோயில் நகைகள்’ என்ற பெயரில் அவை புவிசார் குறியீடு பெற்றுள்ளன. பரதநாட்டியக் கலைஞர்கள் அணியும் சிவப்புக் கல் பதித்த நகைகள் பல இந்த மரபைச் சேர்ந்தவை. உண்மையான நகை வகுப்பறைக்கு வராது, வரவும் கூடாது. ஆண்டுவிழா நடனத்துக்கு வாங்கிய கவரிங் நகை போதும். காது ‘மிமி’, கழுத்து ‘குபி’, அணி ‘கசரி’. ஆகவே காதணி ‘மிமிகசரி’, கழுத்தணி ‘குபிகசரி’. விரல் ‘யுபி’, வளையம் ‘வ’, மோதிரம் ‘யுபிவா’. தமிழில் போலவே உறுப்பின் பெயரும் அணியும் சேர்ந்து சொல்லாகின்றன. உடலுறுப்புப் பெயர்களைத் தனியே பட்டியலிட்டு மனப்பாடம் செய்வதைவிட இவ்வழி விரைவானது.

கொடுத்தலும் தருதலும்

ஜப்பானியத்தில் நான் பிறருக்குக் கொடுத்தால் ‘அகேரு’, பிறர் எனக்கோ என்னைச் சார்ந்தவருக்கோ கொடுத்தால் ‘குரேரு’, பெறுதல் ‘மொராவ்’. முதலிரண்டையும் ஆங்கிலம் ஒன்றாக்கிவிடுகிறது. இன்றைய தமிழிலும் ‘கொடு’ பெரும்பாலும் இரண்டு இடங்களிலும் வருகிறது. பழந்தமிழில் தன்மை, முன்னிலைக்குத் ‘தருதல்’ என்றும், படர்க்கைக்குக் ‘கொடுத்தல்’ என்றும் வேறுபாடு இருந்ததைத் தொல்காப்பியம் பதிவு செய்கிறது. மலையாளத்தில் அது இன்றும் உயிருடன் உள்ளது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்திருந்த இம்மாவட்டத்தில் மலையாளம் அறிந்த மாணவர்கள் பலர். “எனக்குத் தந்தான்”, “அவனுக்குக் கொடுத்தான்” என்ற வேறுபாட்டை அவர்களே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். ஒரு பேனாவை வகுப்பு முழுவதும் கைமாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் சரியான வினையைச் சொல்லச் செய்வது இதற்கேற்ற பயிற்சி. ஒரு வேறுபாட்டை மட்டும் கவனப்படுத்த வேண்டும். “உனக்குத் தருகிறேன்” என்பதற்கு ஜப்பானியத்தில் ‘குரேரு’ வராது.

வாசலும் இலையும்

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே செல்வது இரு நாட்டுக்கும் பொது. ஜப்பானிய வீட்டில் ‘கென்கான்’ என்னும் முன்பகுதி தாழ்ந்தும் வீடு ஒரு படி உயர்ந்தும் இருப்பதால், உள்ளே வருவதை ‘அகரு’, அதாவது ‘ஏறுதல்’ என்பர். விருந்தினரை ‘ஒஅகரி குதசாய்’ என்று அழைப்பர். நாஞ்சில் நாட்டில் “கேறி வாங்க” என்று சொல்வது சொல்லுக்குச் சொல் இதுவே. ஒரு சோடி செருப்பு, தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு, வேறு எதுவும் வேண்டாம். கழற்றிய காலணியை வாசலை நோக்கித் திருப்பி வைப்பது மட்டும் புதிதாகக் கற்க வேண்டியது.

உணவுக்கு வாழையிலை. உண்பவரின் இடப்பக்கம் நுனி வர இலையிடுவது சிறுவருக்கும் தெரியும். ஜப்பானிய மேசையில் சோற்றுக் கிண்ணம் இடப்பக்கம், சூப்பு வலப்பக்கம், ‘ஹாஷி’ என்னும் உண்குச்சிகள் முன்னே கிடையாக, நுனி இடப்பக்கம் நோக்கி இருக்கும். சோற்றில் குச்சியை நேராகக் குத்தி நிறுத்துவது இறந்தவருக்குப் படைக்கும் முறை. குச்சியிலிருந்து குச்சிக்கு உணவைக் கைமாற்றுவது, தகனத்துக்குப் பின் எலும்பு எடுக்கும் சடங்கை நினைவூட்டும். விதியாகச் சொன்னால் இவை விநோதமாகத் தோன்றும். வாய்க்கரிசி என்ற சொல்லை வீட்டில் விளையாட்டாகக்கூடச் சொல்லவிடாத ஊரில், சோற்றுக்கும் சாவுக்கும் இடையிலான இந்த விலக்கை ஒரு வரியில் புரியவைக்கலாம்.

படிக்கட்டுப் பொம்மைகளும் இத்தகையவை. மார்ச் 3 அன்று ‘ஹினமத்சுரி’யில் சிவப்புத் துணி விரித்த படிகளில் பொம்மைகள் வைக்கப்படுகின்றன. உச்சிப்படியில் பேரரசரும் பேரரசியும் இருப்பர். நவராத்திரிக் கொலுவோடு ஒப்பிட்டு மேலே, கீழே, வலம், இடம் ஆகிய இடச்சொற்களைக் கற்பிக்கலாம். பத்மநாபபுரத்துச் சரஸ்வதி நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் செல்லும் ஊர்வலத்தைப் பார்த்த மாணவருக்கு, அதே சரஸ்வதி பௌத்தத்தின் வழியே ஜப்பான் சென்று ‘பென்சைதென்’ என்ற பெயரில் ‘பிவா’ வாத்தியத்துடன் இருப்பது நினைவில் நிற்கும்.

ஒப்புமையின் எல்லை

இத்தனை ஒப்புமைகளைக் கண்டதும் தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம் என்று மாணவர் முடிவுகட்டிவிடக் கூடும். ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ (1919-2008) அவ்வாறு ஓர் உறவை வலியுறுத்தினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோரும் அவருடன் பணியாற்றினர். பொங்கலையும் ஜப்பானின் ஜனவரி 15 விழாவையும் ஒப்பிட்ட அவரது கருத்து தமிழ்நாட்டில் புகழ்பெற்றது. ஆனால் மொழியியலாளரிடையே அது பரவலாக ஏற்கப்படவில்லை. வினை இறுதியில் வருவது, உருபு பெயருக்குப் பின் வருவது போன்றவை உறவில்லாத பல மொழிகளிலும் காணப்படும் பொதுத்தன்மைகள். “வடசேரியிலிருந்து கன்னியாகுமரி வரை பேருந்தில் போகிறேன்” என்பதைச் சொல்வரிசை மாறாமல் ‘வடசேரி கரா கன்னியாகுமரி மதே பசு தே இகிமசு’ என்று மாற்ற முடிவது கற்பவருக்குப் பெரிய வசதி. அதைக் குடும்ப உறவுக்குச் சான்றாகக் காட்ட இயலாது.

நடைமுறைச் சிக்கல்கள்

இம்முறையில் அதிகம் நிகழும் தவறு, பொருளைக் காட்சிப்பொருளாக்குவது. கிமோனோ, விசிறி, சாமுராய் வாள் ஆகியவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டினால் மாணவர் வியப்பர், ஒரு தொடரும் பேச மாட்டார். இன்றைய ஜப்பானியர் நாள்தோறும் கையாளும் குப்பை பிரிக்கும் நாட்காட்டி, பள்ளிக்குள் அணியும் ‘உவபகி’ காலணி, கையெழுத்துக்குப் பதிலாகப் பயன்படும் ‘ஹன்கோ’ முத்திரை, கடைச் சீட்டு ஆகியவை மலிவானவை, மொழி மிகுந்தவை. நாட்காட்டி ஒன்று கிடைத்தால் அதில் 2019 மே 1 முதல் வழங்கும் ‘ரெய்வா’ ஆண்டும் இருக்கும். கொல்லம் ஆண்டும் அச்சிட்ட நாட்காட்டியைச் சுவரில் பார்த்து வளர்ந்தவருக்கு இரட்டை ஆண்டுக்கணக்கு குழப்பம் தராது.

நேரமும் ஒரு தடை. நாற்பது நிமிடப் பாடவேளையில் நாற்பது பேர் கைக்கும் ஒரு பொருள் சென்று திரும்ப இயலாது. வரிசைக்கு ஒன்று என ஐந்தாறு ஒரேவகைப் பொருட்கள் வேண்டும். உள்ளூர்ப் பொருளைப் பயன்படுத்துவதற்கு இதுவே வலுவான காரணம், ஏனெனில் மாணவரே வீட்டிலிருந்து கொண்டுவரலாம். எழுத்துப் பயிற்சிக்குப் பொருட்கள் அவ்வளவாக உதவுவதில்லை. நூற்றுக்கணக்கான ‘கன்ஜி’ எழுத்துகளை எழுதி எழுதித்தான் கற்க வேண்டும். ஜப்பானியத் தின்பண்ட உறை ஒன்று கிடைத்தால், சுவை குறையாதிருக்கும் நாளைக் குறிக்கும் ‘ஷோமி கிகென்’, அதற்குப் பின் உண்ணக்கூடாத நாளைக் குறிக்கும் ‘ஷோஹி கிகென்’ ஆகிய இரு தொடர்களையாவது மாணவர் தேடிப் படித்துவிடுவர், குறிப்பாக உறைக்குள் இன்னும் ஏதேனும் மீதமிருந்தால்.